பிடித்த துப்பாக்கியும் அனுமதித்த துப்பாக்கியும்

பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடுபவர்கள் நாடு கடந்து பேசிக்கொள்ளும்போது, உங்களுக்குப் பிடித்த துப்பாக்கி எது என்ற கேள்வி தவறாமல் எழும். அமெரிக்கர் ஏஆர்-15 ரைபிள் என்றோ, 1911 வகை பிஸ்டல் என்றோ சொல்வார். சுவிட்சர்லாந்துக்காரர் கே31 என்ற பழைய ராணுவ ரைபிளின் பெயரைச் சொல்வார். பிரிட்டனில் இருப்பவர் .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைபிளையும், ஆஸ்திரேலியர் லீவர் ஆக்‌ஷன் ரைபிளையும், ஜப்பானியர் ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த, சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் ஷாட்கன்னையும் சொல்லக்கூடும். கேட்பவர்கள் இதை ரசனை வேறுபாடாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ரசனைக்கு வேலை வருவதற்கு முன்பே ஒவ்வொரு நாட்டின் சட்டமும் பெரும்பாலான துப்பாக்கிகளைக் கழித்துவிடுகிறது. எஞ்சியவற்றுள் எது மலிவாகக் கிடைக்கும் என்பதை அந்நாட்டு ராணுவத்தின் பழைய கொள்முதல்கள் முடிவு செய்துவிடுகின்றன. சுடுபவர் தமக்குப் பிடித்தது என்று சொல்வது, இந்த இரண்டு சல்லடைகளிலும் தங்கியவற்றிலிருந்து எடுத்ததைத்தான்.

இதைத் தெளிவாகக் காட்டுவது தோட்டாவின் அளவு. உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் பிஸ்டல் தோட்டா 9×19 மில்லிமீட்டர் பாராபெல்லம் (முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது உறையின் நீளம்). ஆனால் இத்தாலியில் பல பத்தாண்டுகளாக அது போர்க்கருவிக்குரிய தோட்டா என்று வகைப்படுத்தப்பட்டு, பொதுமக்களின் பிஸ்டல்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இந்தத் தடையைத் தாண்டப் பயன்பட்டது இஸ்ரேலில் உருவான 9×21 தோட்டா. இதன் பித்தளை உறை 2 மில்லிமீட்டர் நீளம் கூடியது. ஆனால் குண்டு உறைக்குள் சற்று ஆழமாக அமர்த்தப்பட்டிருப்பதால், முழுத் தோட்டாவின் நீளம் ஏறத்தாழ மாறுவதில்லை. ஆகவே அதே பிஸ்டல், அதே மேகசின், குழலின் தோட்டா அறை மட்டும் வேறு என்ற நிலையில், உலகம் முழுவதும் 9×19 ஆக விற்கப்பட்ட பல மாதிரிகள் இத்தாலியில் 9×21 ஆக விற்கப்பட்டன. இலக்கை அடைவதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. இத்தாலியர் ஒருவர் 9×21-ஐத் தமக்குப் பிடித்த தோட்டா என்று சொன்னால், அதில் இயற்பியலைத் தேடுவதைவிடச் சட்டப் புத்தகத்தைத் தேடுவது பயன்தரும். 2022-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே தர்க்கம் வேறு வடிவில் இருக்கிறது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் .303, 7.62 மில்லிமீட்டர் ரைபிள் தோட்டாக்களையும், 9 மில்லிமீட்டர், .45, .380, .455 கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் ஏற்கக்கூடிய ஆயுதங்கள் அங்கே தடைசெய்யப்பட்ட வகையில் சேர்கின்றன. களவுபோன அரசுத் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்ற காலனிய ஆட்சியின் கவலை, விடுதலைக்குப் பிந்தைய சட்டத்திலும் தொடர்ந்தது. அதனால்தான் வேறெங்கும் அதிகம் கேள்விப்படாத .315 ரைபிளும், .32 ரிவால்வரும், அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகளாக இந்திய உரிமதாரரின் அலமாரியில் இன்றும் இருக்கின்றன. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1983-இல் திருத்தப்பட்ட பின், ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் வரை அனுமதித்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. எண்ணிக்கைக்கு இப்படி எல்லை இருக்கும்போது, ஒவ்வொரு தேர்வும் பல வேலைகளுக்கு உதவும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் தமக்குள்ளே செய்துகொள்ளும் ஒப்பீட்டுக்கு இங்கே இடமே இல்லை.

அளவைவிட நுட்பமான சல்லடை, துப்பாக்கி இயங்கும் முறை. பிரிட்டனில் 1987-இல் ஹங்கர்ஃபோர்டில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1988-ஆம் ஆண்டின் சட்டம், சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களைத் தடைசெய்தது; .22 ரிம்ஃபயர் என்ற, உறையின் விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டாவைச் சுடுபவை மட்டும் விலக்குப் பெற்றன. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-இல் இரண்டு கட்டங்களாக வந்த சட்டங்கள், வட அயர்லாந்து நீங்கலாக, கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முழுமையாக விலக்கின. அதன் பிறகு பிரிட்டனின் சுடுதளங்களில் உருவானவை வேறெங்கும் காணக்கிடைக்காத கருவிகள். குழல் 30 சென்டிமீட்டருக்கோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கோ குறைந்தால்தான் தடை என்பதால், நீண்ட குழலும் பிடியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தண்டுமாக ரிவால்வர்கள் விற்பனைக்கு வந்தன. கருமருந்தைக் குழலின் வாய்வழியாகத் திணித்துச் சுடும் 19-ஆம் நூற்றாண்டு வகைக் கைத்துப்பாக்கிகளுக்கு உரிமம் கிடைக்கும் என்பதால், அவற்றுக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஏஆர்-15 வடிவ ரைபிளும் அங்கே உண்டு. ஆனால் அதன் வாயு இயக்கம் நீக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் கையால் நேராக இழுத்துத் தள்ள வேண்டிய ஸ்ட்ரெயிட் புல் இயக்கமாக மாற்றப்பட்டிருக்கும்.

சட்டத்துக்கும் கருவி செய்வோருக்கும் இடையிலான இந்தப் போட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. சுட்ட உறையை வாயு வெளியே தள்ளிய பிறகு போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) பின்னால் நின்றுவிட, ஒரு நெம்பை அழுத்தினால் அது முன்னே பாய்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையில் சில பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் ரைபிள் வடிவமைத்தார்கள். விரலசைவு ஒன்று கூடுதலாகத் தேவைப்படுவதால் அது செமி ஆட்டோமேட்டிக் ஆகாது என்பது அவர்களுடைய வாதம். 2019-ஆம் ஆண்டின் சட்டம் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. தயாரிப்பாளர்களின் புத்திசாலித்தனத்தை மெச்சத் தோன்றினாலும், சட்டத்தின் நோக்கம் என்னவென்று தெரிந்துகொண்டே அதன் சொற்களுக்குள் புகுந்து வெளிவரும் கருவி நீண்ட நாள் நிலைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதை வாங்கியிருக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவின் லீவர் ஆக்‌ஷன் விருப்பத்துக்கும் பின்னணி இதுதான். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட தேசிய ஆயுத உடன்படிக்கை, செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களையும், குழலின் கீழுள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களையும் சாதாரண உரிமதாரருக்கு எட்டாத வகைகளில் வைத்தது. சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. வேகமாக அடுத்தடுத்துச் சுட விரும்பியவருக்கு மிஞ்சியது, விசைக்குக் கீழுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுக்கும் 19-ஆம் நூற்றாண்டு இயக்கம். ஆக, கௌபாய் கதைகளின் அடையாளமாக அமெரிக்கர் நினைக்கும் ஒரு துப்பாக்கி, ஆஸ்திரேலியருக்கு நடைமுறைத் தேவையின் விடை ஆயிற்று. அட்லர் ஏ110 என்ற துருக்கித் தயாரிப்பான லீவர் ஆக்‌ஷன் ஷாட்கன் 2015-இல் அங்கே இறக்குமதியாகத் தொடங்கியபோது எழுந்த அரசியல் சர்ச்சை வெளிநாட்டவர்க்கு வியப்பாக இருந்தது. இயக்கம் நூறாண்டுப் பழமையானது என்பதைவிட, பம்ப் ஆக்‌ஷனுக்கு நிகரான வேகத்தைத் தடையில்லாத வகைக்குள் அது கொண்டுவந்துவிட்டது என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. முடிவில், ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் லீவர் ஆக்‌ஷன் ஷாட்கன்கள் கடுமையான வகைக்கு நகர்த்தப்பட்டன.

அமெரிக்காவில் சட்டம் குறுக்கிடுவதில்லை, அங்கே இருப்பது தூய ரசனை என்ற எண்ணம் பிற நாட்டவரிடையே பரவலாக இருக்கிறது. அதுவும் முழு உண்மை அல்ல. அமெரிக்க ரைபிள்களின் குழல் நீளம் பெரும்பாலும் 16 அங்குலத்தில் வந்து நிற்பதற்கு, அதற்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி தனிப் பதிவு தேவை என்பதே காரணம். வால்தர் பிபிகே என்ற ஜெர்மானியச் சிறு பிஸ்டல், 1968-ஆம் ஆண்டின் சட்டம் இறக்குமதிக் கைத்துப்பாக்கிகளுக்கு வகுத்த அளவு, எடை முதலியவற்றுக்கான புள்ளிக் கணக்கில் மயிரிழையில் தோற்றது; உடனே நிறுவனம் அதைவிட உயரமான பிபி மாதிரியின் உடலில் பிபிகேயின் மேற்பகுதியைப் பொருத்தி, பிபிகே/எஸ் என்ற புதிய மாதிரியை அனுப்பியது. அமெரிக்க ஆர்வலர் பலர் இரண்டில் எது கைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதத்துக்குரிய இரண்டாவது துப்பாக்கியைப் படைத்தது ஒரு படிவத்தின் புள்ளிக் கணக்கு.

ஏஆர்-15 அமெரிக்காவில் எல்லோருக்கும் உரியதாக ஆனதற்கும் சட்டப் பின்னணி உண்டு, அது காப்புரிமைச் சட்டம். யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய வடிவமைப்பை 1959-இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. 1977-இல் அடிப்படைக் காப்புரிமை முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானது. பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலை உருவாகவே, துப்பாக்கியை வாங்குவதைவிடத் தானே பூட்டிச் சேர்ப்பது ஒரு தனிப் பொழுதுபோக்கானது. 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த கூட்டரசுத் தடை, விற்பனையைக் குறைத்ததைவிட அந்த வகைத் துப்பாக்கிக்கு ஓர் அரசியல் அடையாளத்தை ஏற்றி வைத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

சைலன்சர் விஷயத்தில் நாடுகளின் நிலை தலைகீழாக இருப்பது, இத்தகைய ஒப்பீடுகளில் எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். துப்பாக்கி உரிமத்துக்குக் கடும் நிபந்தனை விதிக்கும் நார்வேயிலும் ஃபின்லாந்திலும் வேட்டைக்காரரின் ரைபிள் முனையில் சைலன்சர் இருப்பது இயல்பு. காதையும் அண்டை வீட்டாரையும் காப்பாற்றும் நாகரிகமாகவே அது கருதப்படுகிறது. துப்பாக்கி மிக எளிதாகக் கிடைக்கும் அமெரிக்காவிலோ 1934 முதல் அதற்குக் கூட்டரசுப் பதிவும் 200 டாலர் வரியும் இருந்தன. 1934-இல் 200 டாலர் என்பது பல துப்பாக்கிகளின் விலையைவிட அதிகம். அந்தத் தொகை ஏறத்தாழ 90 ஆண்டுகள் மாறாமலே இருந்து, 2026 தொடக்கத்தில் சைலன்சருக்குப் பூஜ்யமாக்கப்பட்டது. பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் தொடர்கிறது.

சுவிட்சர்லாந்தை எல்லாத் தரப்பும் தம் பக்கம் இழுக்கிறது. துப்பாக்கி நிறைந்தும் அமைதியான நாடு என்று ஒரு தரப்பும், கட்டுப்பாடு நிறைந்ததால்தான் அமைதி என்று மறு தரப்பும் மேற்கோள் காட்டுவதால், அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கட்டாய ராணுவப் பணியில் இருப்பவர் தம் ரைபிளை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் அவசரத்துக்கென்று முத்திரையிட்டு வீட்டில் கொடுத்துவைத்த ராணுவத் தோட்டாக்களைத் திரும்பப் பெறுவது என்று 2007-இல் முடிவாயிற்று. பணி முடிந்து விலகும்போது, முழுத் தானியங்கி இயக்கம் நீக்கப்பட்ட பின் அந்த ரைபிளை உரிய அனுமதியுடன் சொந்தமாக்கிக்கொள்ளலாம். 300 மீட்டர் தூரத்தில் சுடும் வழக்கமும், ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ளும் ஃபெல்ட்ஷீசன் என்ற சுடுதல் விழாவும், அரசின் ஆதரவோடு கிடைக்கும் தோட்டாவும் சேர்ந்து, 1931-இல் ஏற்கப்பட்ட கே31 ரைபிளையும் அதன் வழித்தோன்றல்களையும் இன்றுவரை உயிரோடு வைத்திருக்கின்றன. 2015-இல் நடந்த பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாக்கிய ஆயுத விதிகளை ஏற்பதா என்று 2019 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தபோது, ஏறத்தாழ 64 சதவீதத்தினர் ஏற்கலாம் என்றனர். துப்பாக்கியைத் தேசிய மரபாகக் கருதுவதும், அதன்மீது விதி வேண்டும் என்று வாக்களிப்பதும் அங்கே முரணாகப் பார்க்கப்படவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். ஜெனீவாவைச் சேர்ந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வமைப்பு 2017-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் பொதுமக்களிடம் சுமார் 85.7 கோடித் துப்பாக்கிகள் இருந்தன, அவற்றில் 39.3 கோடி அமெரிக்காவில். நூறு பேருக்கு என்று கணக்கிட்டால் அமெரிக்காவில் 120.5, ஏமனில் 52.8, கனடாவில் 34.7, ஃபின்லாந்தில் 32.4, சுவிட்சர்லாந்தில் 27.6, ஜெர்மனியில் 19.6, ஆஸ்திரேலியாவில் 14.5, செக் குடியரசில் 12.5, ஜப்பானில் 0.3. பதிவில் உள்ளவற்றோடு பதிவில்லாதவற்றின் உத்தேசமும் சேர்ந்தவை இவை. நூறு பேருக்கு 120 என்றால் ஆளுக்கு ஒன்று என்று பொருள் கொள்வோர் உண்டு. ஆனால் ப்யூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கணக்கெடுப்பில், தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்ன அமெரிக்க வயதுவந்தோர் 32 சதவீதமே. ஒரு வீட்டில் பல துப்பாக்கிகள் இருப்பதே இந்த இடைவெளியின் விளக்கம்.

இந்தப் பட்டியலில் நான் அதிகம் யோசித்தது ஜெர்மனியும் செக் குடியரசும் நிற்கும் வரிசையைத்தான். எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த இரண்டில், செக் சட்டம் ஐரோப்பாவிலேயே தாராளமானவற்றுள் ஒன்று. தேர்வு எழுதி, மருத்துவச் சான்றும் குற்றப் பின்னணி இன்மையும் காட்டியவருக்குத் தற்காப்புக்காகத் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி கிடைக்கும். 2021-இல் சட்ட வரம்புக்குட்பட்டு ஆயுதத்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமை, அடிப்படை உரிமைகளின் சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. ஜெர்மனியிலோ தேவையை நிரூபிக்க வேண்டும். விளையாட்டுக்காகச் சுடுபவர் ஒரு சங்கத்தில் ஓராண்டேனும் உறுப்பினராக இருந்து முறையாகப் பயிற்சி செய்திருக்க வேண்டும்; பெரிய காலிபர் (குழல் விட்டம்) கேட்கும் 25 வயதுக்கு உட்பட்டவர் உளவியல் மதிப்பீட்டுச் சான்று தர வேண்டும். இந்த விதி 2002-இல் எர்ஃபுர்ட் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பின் வந்தது. 2009-இல் வின்னென்டனில் மீண்டும் அப்படி நடந்ததும், துப்பாக்கி வைத்திருப்பவர் அதை எப்படிப் பூட்டி வைத்திருக்கிறார் என்று அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் அதிகாரம் பெற்றார்கள். இவ்வளவுக்குப் பின்னும் நூறு பேருக்கான கணக்கில் ஜெர்மனியே முந்துகிறது. வேட்டைக்காரர்களும், தலைமுறைகளாக ஊர்தோறும் இயங்கும் சுடுதல் சங்கங்களும் அங்கே மிகுதி. சட்டத்தின் கடுமை எந்தத் துப்பாக்கி, எதற்காக என்பதை வலுவாகத் தீர்மானிக்கிறது. எத்தனை என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

தற்காப்பு என்ற காரணம் ஏற்கப்படுகிறதா இல்லையா என்பதும் பேச்சின் போக்கையே மாற்றிவிடும். அமெரிக்கரும் செக் நாட்டவரும் பிஸ்டல்களை ஒப்பிடும்போது சட்டைக்கடியில் அடங்குமா, எடை எவ்வளவு, எத்தனை தோட்டா கொள்ளும் என்றெல்லாம் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ ஜப்பானிலோ தற்காப்புக்காக என்று விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. ஆகவே அந்த நாட்டவருக்குத் துப்பாக்கி என்பது இலக்கு அட்டைக்கும் வேட்டைக் காட்டுக்கும் உரிய கருவி மட்டுமே. மெக்ஸிகோ இன்னொரு விதம். வீட்டில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அதன் அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் சட்டப்படி வாங்குவதற்கான கடையை ராணுவம்தான் நடத்துகிறது, நெடுங்காலம் தலைநகரில் ஒன்றே ஒன்று இருந்தது.

ஜப்பானில் பொறுமைதான் முதல் தகுதி. வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை ஆகியவற்றைத் தாண்டி முதலில் பெறக்கூடியது ஷாட்கன் அல்லது காற்று ரைபிள். வேட்டைக்கான ரைபிள் கேட்பவர் அதற்கு முன் பத்தாண்டுகள் தொடர்ந்து ஷாட்கன் வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கைத்துப்பாக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சில போட்டியாளர்களுக்கு மட்டுமே. ஜப்பானிய ஆர்வலருக்கு ஷாட்கன் மீதுள்ள பற்றும், அதன் மரப்பகுதி, பொருத்தம், சமநிலை பற்றி அவர் காட்டும் நுணுக்கமும் இந்தப் பத்தாண்டு விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சொந்த நாட்டில் வாங்குவோர் இவ்வளவு குறைவாக இருந்தும், பிரௌனிங் நிறுவனத்தின் பெயரில் அமெரிக்கர் விரும்பி வாங்கும் சிடோரி ஷாட்கன்கள் ஜப்பானின் கோச்சியில் உள்ள மிரோகு ஆலையில் செய்யப்படுபவை.

காற்றுத் துப்பாக்கிகூட இந்த வேறுபாட்டுக்குத் தப்பவில்லை. ஜெர்மனியில் உரிமமின்றி வாங்கக்கூடிய காற்று ரைபிளின் ஆற்றல் வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்தில் அது சுமார் 16.3 ஜூல்; இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் வகைக்கு 20 ஜூல். ஒரே ஜெர்மானிய நிறுவனம் ஒரே மாதிரியை நாட்டுக்கு நாடு வெவ்வேறு சுருள்வில்லோடு அனுப்புகிறது. பிரிட்டிஷ்காரர் அந்த ரைபிளால் 40 மீட்டரில் முயல் வேட்டையாடிப் புகழ்வதும், ஜெர்மானியர் அதையே தோட்டத்தில் அட்டை சுட மட்டும் ஏற்றது என்று சொல்வதும், இருவரும் வேறு வேறு ஆற்றலைப் பற்றிப் பேசுவதால்தான்.

உண்மையிலேயே துப்பாக்கியைத் துப்பாக்கியோடு ஒப்பிட முடிவது ஒலிம்பிக் வகைகளில்தான். அங்கே எல்லா நாட்டவருக்கும் விதி ஒன்று. 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் காற்று ரைபிளில் காலிபர் 4.5 மில்லிமீட்டர், எடை அதிகபட்சம் 5.5 கிலோ, அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் ரைபிள், வால்தரா, ஃபைன்வெர்க்பாவா, ஸ்டெயரா என்ற கேள்விக்கு இங்கே சட்டத்தின் நிழல் விழாத விடை கிடைக்கும். விசையின் தெளிவும், தோள்கட்டையைத் திருத்தும் வசதியும், கன்னம் படியும் உயரமுமே பேசுபொருள். கைத்துப்பாக்கியில் மட்டும் பிரிட்டனுக்கு இங்கும் சிக்கல் விடவில்லை: 2012 லண்டன் போட்டிகளை நடத்தவே சிறப்பு அனுமதி தேவைப்பட்டது, அதன் 25 மீட்டர் பிஸ்டல் வீரர்கள் வெளிநாடு சென்று பயிற்சி பெறும் நிலையில் இருந்தார்கள். மற்றபடி, காற்றுத் துப்பாக்கிக்குப் பெரும்பாலான நாடுகள் வழிவிடுவதால், வெடிமருந்துத் துப்பாக்கிகள் அரிதாகவே கிடைக்கும் நாடுகள் இதில் பின்தங்குவதில்லை. தனியார் துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றிலும் விலக்கி வைத்திருக்கும் சீனா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஐந்து தங்கம் வென்றது, தென்கொரியா மூன்று வென்றது. 39 கோடித் துப்பாக்கிகள் உள்ள அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் ஷாட்கன் பிரிவில் வந்தது.